இரண்டாவது சுற்று

ஓண விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனேன். குடும்பத்தோடு ஏறக்கூடிய புது ரோலர்கோஸ்டர் வந்திருக்கிறது என்று மகன் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு, ஒரு மாதமாக என்னைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் ஆறு வயது முடியவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு. நான் பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், விடுப்பு கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. மழை விட்டிருந்த நாள், மரத்தை விட்டு வர முடியாது என்றுவிட்டார். காலையிலேயே பஸ் பிடித்தோம்.

ரோலர்கோஸ்டர் வாசலில் ஏறக்குறைய என் வயதில் ஒரு பெண் நின்றிருந்தார். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்துத் தூணில் உயரம் பார்க்கச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. வந்தவர்களிடம் எல்லாம் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நான் மகனிடம் "நேரே நில்லு மக்கா" என்று சொன்னதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க நம்ம பக்கமாக்கும்? எனக்க வீடு ஆரியங்கோடு" என்றார். பிறகு மகனின் தலையில் கையை வைத்து அளந்து, "ரெண்டு விரல் கொறவு உண்டு. அடுத்த ஓணத்துக்கு வா, நானே ஏத்தி விடுவேன்" என்றார்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். மகளைத் தனியாகப் போகச் சொன்னேன். "தம்பி இல்லாம எனக்கு வேண்டாம்" என்றாள். என்ன நல்ல பிள்ளை என்று பெருமையாக இருந்தது.

வேறு ராட்டினங்களில் ஏறினோம், சாப்பிட்டோம். அவனுடைய அழுகை ஓய்வதாக இல்லை. ரோலர்கோஸ்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மறுபடி தொடங்குவான். மூன்று மணிக்கு எனக்குத் தலை வலித்தது. இரண்டு பேரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சாயா வாங்கப் போனேன். கூட்டம். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் என் பை மட்டும் இருந்தது.

கழிவறைப் பக்கம் ஓடினேன். ஐஸ்கிரீம் கடையில் பார்த்தேன். அப்போது தலைக்கு மேலே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டு அண்ணாந்தேன். ரோலர்கோஸ்டர் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் மஞ்சள் சட்டை. ஓணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை. அவன் பக்கத்தில் என் மகள்.

சாயாவைக் கீழே போட்டது கூட எனக்குத் தெரியவில்லை. கால் சுட்டது பிறகுதான் தெரிந்தது. வாசலுக்கு ஓடி அந்த ஆரியங்கோட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தேன். "நிறுத்துங்க! எனக்க பிள்ள மேல இருக்கான்!"

அவர் மேலே பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. "அவனை நான் அளந்தாக்கும் விட்டேன்" என்றார். "கோடு தொட்டுதே, கூட்டத்துல முகத்தைக் கவனிக்கல்ல... இப்போ நிறுத்த முடியாது அக்கா. பாதியில நிறுத்தினா அதைவிட ஆபத்து."

வண்டி உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது போல இருந்தது. பிறகு விழுந்தது. வளைவில் எல்லோரும் அலறினார்கள். அந்த அலறலில் என் மகன் குரல் எது என்று தேடினேன். கேட்கவில்லை.

வண்டி கீழே வந்தது. முடிந்தது என்று தூணில் சாய்ந்தேன். ஆனால் அது நிற்காமல் எங்களைக் கடந்து போயிற்று. போகிற வேகத்தில் அவனைப் பார்த்தேன். மடிமேல் பூட்டும் கம்பிக்கும் அவனுக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கலாம், அவ்வளவு இடம். வெளுத்துப்போய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தான். மகள் தன் கையை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, மறுபக்கக் கைப்பிடியைப் பற்றியிருந்தாள்.

"ஏன் நிக்கல்ல?" என்று கத்தினேன்.

"ரெண்டு சுத்து உண்டு அக்கா" என்றார் அந்தப் பெண். அவர் கண்ணை மூடி ஏதோ ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அவன் விழுந்துவிடுவான் என்று தோன்றியது.

வண்டி நின்றது. கம்பி உயர்ந்தது. மகன் தத்தித் தத்தி நடந்து வந்து, "அம்மா, ரெண்டு வாட்டி!" என்றான். அவனை வாரி எடுத்தேன். அடுத்த நொடி மகளை அறைந்தேன். என் வாழ்நாளில் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அப்படிப்பட்ட பிள்ளையாக அவள் இருந்ததில்லை.

அவள் அழவில்லை. "நீங்கதானே சொன்னிய" என்றாள். "நீ மூத்தவதானே, அவனுக்க அழுகையை எப்படியாவது நிறுத்துன்னு."

சொல்லியிருக்கிறேன். சாயா வாங்கப் போகும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன சொல்.

அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். அந்தப் பெண்ணை எல்லோர் முன்னிலும் மலையாளத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். கண் எங்கே இருந்தது, குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். "நாளெ முதல் வரண்டா" என்றார், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று. அந்தப் பெண் அட்டையைக் கழற்றினார்.

நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு வெளிவாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். எப்படிச் செய்தார்கள் என்று நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. ஆனால் செய்தது என் பிள்ளைகள் என்று தெரியும். கேட்டால் அந்தப் பெண்ணுக்காக நான் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் நடந்தேன்.

மகள் கையை உருவிக்கொண்டாள். தம்பியை நிறுத்தி, குனிந்து, அவன் ஷூக்களைக் கழற்றினாள். உள்ளே அவள் போட்டு வந்திருந்த பள்ளி ஷூவின் உள்மெத்தைகள் நான்காக மடித்துத் திணிக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நேராகப் போய் மேற்பார்வையாளரின் முன்னால் நீட்டினாள்.

"ஸாரே, சேச்சி அளந்நது சரியாணு. ஞான் பற்றிச்சதாணு."

அந்த அக்கா அளந்தது சரிதான், நான்தான் ஏமாற்றினேன் என்று, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற தெளிவோடு சொன்னாள். அவள் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

மேற்பார்வையாளர் மெத்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் திரும்பி நடந்து வந்து, "தப்பு எங்க பேர்ல ஸார்" என்றேன். அவர் அட்டையை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி ஷூவைக் கழற்றிப் பார்த்துத்தான் விட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அந்தப் பெண் நன்றி சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் மகளின் முன்னால் வந்து நின்றார்.

"உண்மை சொன்னே, சரி. அவன் கம்பிக்குள்ள இருந்து ஊரி விழுந்திருந்தா? எனக்க கண்ணுக்கு முன்னால ஆக்கும் விழுந்திருப்பான். பிறகு நான் எப்படி உறங்குவேன், சொல்லு மக்கா."

அப்போதுதான் மகள் அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, வரிசையில் அடுத்த குழந்தையை அளக்கத் திரும்பினார்.

பஸ்ஸில் மகன் என் மடியில் தூங்கிவிட்டான். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டாவது சுத்து உண்டுன்னு எனக்குத் தெரியாது அம்மா. கை விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

அவள் கையை எடுத்துப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே கம்பி அழுத்திய தடம் நீலமாகக் கன்றியிருந்தது.

"அப்பாகிட்ட யாரு சொல்லுவா?" என்று கேட்டாள்.

"நான் சொல்லுவேன்" என்றேன்.

பாறசாலை பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரர் பைக்கோடு காத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அங்கேயே நின்று சொன்னேன், நான் வெளிவாசலைப் பார்த்து நடந்தது உட்பட. அவர் மகளைத் திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா?" என்று மட்டும் கேட்டார்.