அறுபத்து மூன்று தாய்மாருக்கு ஒரே நம்பர்

அந்தப் புதன்கிழமை காலையில் ஃபக்ருன்னிசாவின் போன் ஊமையாகக் கிடந்தது. பத்து வருஷமாகப் புதன் என்றால் ஆறு மணிக்கே, 'உங்கள் குழந்தைக்கு இன்று தடுப்பூசி' என்று மெசேஜ் மேல் மெசேஜாக வந்து விழும். "ஐம்பத்தாறு வயசுல உனக்கு எத்தினி கொழந்தடி?" என்று வீட்டுக்காரர் நூர்முகமது கேலி செய்வார்.

ஃபக்ருன்னிசா கடப்பாக்கம் பக்கம் கிராம சுகாதார நர்ஸாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கர்ப்பிணிகளைக் கம்ப்யூட்டரில் பதியும்போது போன் நம்பர் கேட்குமே, அந்தக் கட்டத்தில் தன் நம்பரையே போட்டுவிடுவது அவர் வழக்கம். மெசேஜ் வந்ததும் மீனவர் தெருவில் நடந்துகொண்டே, "அடியே, புள்ளையத் தூக்கினு வா, ஊசி கீது!" என்று குரல் கொடுப்பார். தெருவே எழுந்து வரும்.

போன மாதக் கூட்டத்தில்தான் வினை வந்தது. "அறுபத்து மூணு தாய்க்கு ஒரே நம்பர். போலிப் பதிவுன்னு மேல கேக்கறாங்கம்மா" என்று மெமோவை நீட்டினார் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் இனியன். நல்ல பிள்ளைதான், அவர் கழுத்திலும் கத்தி.

போலியாம்! ஒரு குழந்தையைக்கூட நேரில் பார்க்காமல் ஃபக்ருன்னிசா எழுதியதில்லை. ஆலம்பறைக் கோட்டையின் இடிந்த சுவரோரம் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்து, கையில் ஒரே ஒரு நோட்டோடு ஊசி போட்ட நாட்களை நினைத்துக்கொண்டார். அப்போது கால் வலித்தது, மனசு வலிக்கவில்லை. இப்போதோ ஊசி போட ஒரு நிமிஷம், போட்டதை மூன்று ஆப்பில் ஏற்ற அரை மணி. போதும்டா சாமி என்று விருப்ப ஓய்வுக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்தார். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருந்தது. நம்பர்களை மாற்றிவிட்டு, அடுத்த மாத வியாழக்கிழமைக் கூட்டத்தில் கடிதத்தைக் கொடுத்துவிடுவதாக முடிவு.

மூன்று வாரம் சாயங்காலம் தோறும் வீடு வீடாகப் போய், ஓடிபி வரும்வரை வாசலில் நின்று, ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டு நம்பராக மாற்றினார். நேற்றுதான் கடைசி நம்பர் முடிந்தது.

இன்றைக்குப் பதினோரு குழந்தைகள் வர வேண்டும். பத்து மணிக்கு இரண்டுதான் வந்திருந்தன. வந்த இரண்டுக்கும் ஊசி போட்டுவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். அங்கே லதா மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த லதாவின் தொடையில் முதல் ஊசி போட்டதும் அவர்தான்.

"ஏன்டி வர்ல? மெசேஜ் வந்திருக்குமே?"

"இன்னா மெசேஜு நர்ஸம்மா? போனு அவர்கிட்ட கீது, அவரு கடல்ல கீறாரு. தண்ணி படாம கவர்ல சுத்தி வச்சிருப்பாரு. நீங்க கொரல் குடுப்பீங்கன்னு நான் பாத்துகினு இருந்தேன்."

ஃபக்ருன்னிசாவுக்குச் சுரீரென்றது. அந்த வீடுகளில் போன் ஆம்பளையோடு கடலுக்குப் போய்விடும். அதனால்தானே அன்று தன் நம்பரைப் போட ஆரம்பித்தார்! செய்து செய்து பழகியதில் காரணம் மறந்துவிட்டது. மெமோ வந்தபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை.

தொண்டை கட்டும்வரை குரல் கொடுத்தார். மிச்சம் ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். சத்தம் கேட்டு மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். "என் பேரு எழுதிக்கோங்க நர்ஸம்மா, அடுத்த ஊசி எப்போ?" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பைக்குள் கைவிட்டுக் கிடைத்த தாளில் பொடி எழுத்தில் எழுதினார். வராதவர்களின் பெயரை நினைவிலிருந்தே சேர்த்தார். அறுபத்து மூன்று பெயர், அறுபத்து மூன்று தேதி. எழுதி முடித்துத் திருப்பினால், மறுபக்கம் அவருடைய விருப்ப ஓய்வுக் கடிதம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் கூட்டத்தில் அந்தத் தாளைப் பட்டியல் பக்கம் மேலே தெரியும்படி டாக்டர் முன்னால் வைத்தார்.

"மெமோவுக்குப் பதில் சார். இவுங்க வூட்ல போனு கடலுக்குப் பூடுது. ரெண்டாவது நம்பருக்கு ஒரு கட்டம் கேட்டு மேல எழுதுங்க. அதுல என் நம்பர் போடுங்க."

டாக்டர் பட்டியலைப் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

"இந்தப் பக்கத்தை என்னம்மா பண்றது?"

"அதுக்கு இன்னும் நாலு வருசம் கீது சார். மொதல்ல அந்தப் பக்கத்தப் பாருங்க."