சடைநாகம் நிற்பதற்காக

திருமணத்தன்று காலை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என் அக்காவின் வீட்டு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அக்கா, பெரியம்மா, மாமி, நாற்காலியில் என் மனைவியாகப் போகிற நாடேஜ். இல்லாதவர்கள் இருவர். ஆண்களுக்கு அங்கே வேலையில்லை என்று என்னை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நாடேஜின் அம்மாவையும் நேரே மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார் அக்கா. எங்கள் இருவரில் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

நாடேஜின் பெற்றோர் கொங்கோவிலிருந்து வந்தவர்கள். அவள் இங்கே, பிரெஞ்சு மண்ணில் பிறந்தவள். சின்ன வயதிலேயே அவளுடைய அம்மா அவள் தலைக்குத் தெஃப்ரிசாஜ் (சுருள்முடியை மருந்து பூசி நேராக்குவது) செய்யத் தொடங்கிவிட்டார். கல்லூரிக்குப் போன காலத்தில் அவள் அதை நிறுத்தி, நேராக்கிய முடியை வெட்டி எறிந்து, தன் சொந்தச் சுருளை வளர்த்தாள். நான் அவளைக் கண்டபோது அந்தச் சுருளோடுதான் கண்டேன்.

என் அக்கா ரூ காய் என்ற தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். மணப்பெண் அலங்காரத்துக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். அதற்கு முன் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதம், மருந்துப்பெட்டி, மின்கட்டணம் எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

மணப்பெண்ணின் பின்னல் நெடுகக் குத்தும் சடைநாகத்தைப் பற்றித் திருமணத்துக்கு முன்பே அக்காவுக்கு ஒரு கவலை இருந்தது. "உந்தத் தலையிலை சடைநாகம் எப்பிடியடா நிக்கும்? பின்னல் நேரா விழ வேணும். இல்லாட்டி படத்திலை பாக்கேலாது."

தன் அம்மா நன்றாகப் பின்னிவிடுவார், அதன்மேல் நாகத்தைக் குத்தலாம் என்று நாடேஜ் சொன்னாள். அக்கா கேட்கவில்லை. "கெரட்டின் போட்டுவிடுறன். மருந்தில்லை, சத்து. ரெண்டு தரம் தலை தோய்ஞ்சால் பழையபடி சுருண்டிடும்." சுருள் திரும்பி வரும் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாடேஜ் சம்மதித்தாள்.

அன்று காலை மருந்தைத் தலையில் வைத்ததுமே சின்ன வயதில் பழகிய மணம் தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். அது என்ன என்று கேட்டிருக்கிறாள். கெரட்டின் என்றார் அக்கா. எரிகிறது என்றாளாம். கொஞ்சம் பொறு என்றார்களாம். சுற்றிலும் பூத்தட்டுகளோடு மாமியார் வீட்டுப் பெண்கள் நிற்கும்போது, தலை நிறைய மருந்தோடு எந்த மணப்பெண் எழுந்து ஓடுவாள்?

சடைநாகம் அழகாக நின்றது. படங்களில் இன்றும் நிற்கிறது.

முதல் அறிகுறி மறுநாள் காலையில் தெரிந்தது. தலையணை உறை அவள் தலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இடது காதுக்கு மேலும் உச்சியிலும் தோல் கசிந்தது. நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஊசி குத்தினதாலை வந்திருக்கும். தேங்காயெண்ணெய் வை."

"டொக்டரிட்டைப் போறம் அக்கா. என்ன போட்டனீங்கள் எண்டு கேப்பினம்."

"கெரட்டின் எண்டு சொல்லு. எத்தினை தரம் சொல்லுறது?"

மருத்துவமனையில் தோல் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டார். தெஃப்ரிசாஜ், அந்த மணத்தை எனக்குத் தெரியும் என்றாள் நாடேஜ். கெரட்டின், போட்டவர் என் அக்கா, அவருக்கு இதுதான் தொழில் என்றேன் நான். மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பெட்டியைக் கொண்டுவர முடியுமா என்றார். பெட்டியை எறிந்துவிட்டதாக அக்கா சொல்லியிருந்தார்.

எனவே ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சோதனைகள் தொடங்கின. முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி எதற்குத் தோல் சிவக்கிறது என்று பார்த்தார்கள். எதற்கும் சிவக்கவில்லை. பூசுமருந்து மாறியது, மாத்திரை மாறியது. கசிவு நின்றது. ஆனால் அந்த இரண்டு இடங்களில் முடி வரவில்லை. மற்ற இடங்களில் வேரிலிருந்து சுருள் கிளம்பிக்கொண்டிருந்தது. எத்தனை முறை தோய்ந்தும் கீழ்முடி நேராகவே கிடந்தது.

இந்த வழியில் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதிய சுருளும் மருந்து பட்ட நேர்முடியும் சேரும் இடம்தான் ஆகப் பலவீனமானது. சீப்பு அங்கேதான் சிக்கும், முடி அங்கேதான் அறும். குளியலறைத் தரையில் நீட்டு முடிகளைக் காணும்போது நோய் கூடுகிறது என்று பயந்தோம். அது அறுந்த முடி, வேரோடு உதிர்ந்தது அல்ல. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக உறங்கியிருப்போம்.

உண்மையைப் பெரியம்மா சொன்னார். மறைத்ததை உடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கூசேன்வில்லில் எங்கள் வீட்டுக்குக் கறி கொண்டு வந்தவர், நாடேஜின் தலையைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார்.

"என்ன கண்ணூறோ தெரியேல்லை, பிள்ளை. அண்டைக்கு நானும் மாமியும் எவ்வளவு வடிவாத் தோய வாத்தனாங்கள். பாலறுகு வைச்சு, அரப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்ச்சு, தலை பளபளவெண்டு இருந்தது. பிறகுதானே உன்ரை அக்கா அந்தக் கிறீமைப் பூசினவ."

"என்ன கிறீம், பெரியம்மா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? பெட்டியை உடைச்சுக் குடுத்தது நான்தான். மேலை ஒரு கறுவல் பிள்ளையின்ரை படம். நீட்டுத் தலைமயிரோடை சிரிச்சுக்கொண்டு நிண்டது."

கறுவல் என்ற சொல் நாடேஜுக்குத் தெரியும். எங்கள் தெருக்களில் அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ்ச்சொல் அதுதான். பெட்டியைப் பற்றி நான் பிரெஞ்சில் சொன்னதும் அவள் சிரித்தாள். அவளுடைய அம்மா வாங்கிவந்த பெட்டியிலும் அப்படி ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டிருந்ததாம். சிரித்து முடித்தபின் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, மருந்துக்கு முன் தலையைக் கழுவினார்களா என்பது. அரப்பும் தேசிக்காயும் தலையில் எண்ணெய் போகத் தேய்ப்பது என்று விளக்கினேன். தலைத்தோலில் இயல்பாக ஊறும் எண்ணெய்தான் இந்த மருந்துக்கு எதிரான ஒரே கவசம் என்றார் அவர். பூசுவதற்கு முன் தலை கழுவக்கூடாது, சொறியவும் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்குமாம். எங்கள் பெண்கள் ஆசீர்வாதமாக அந்தக் கவசத்தைத் தேய்த்துக் கழுவி, அதன்மேல் தோலை எரிக்கும் காரத்தைப் பூசியிருக்கிறார்கள்.

பிறகு பயாப்சி (தோலில் மிகச் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) செய்தார்கள். முடிவில் வந்த சொல் அலோபேசி சிகாட்ரிசியெல் (வேர் அழிந்து வடுவானதால் முடி முளைக்காத நிலை). உச்சியில் இன்னும் உயிருள்ள வேர்கள் இருந்தன. அதைச் சுற்றி ஊசி போடத் தொடங்கினார்கள். காதுக்கு மேல் முடிந்துவிட்டது. "முதல் நாளே தெரிந்திருந்தால் தீக்காயமாகப் பார்த்திருப்போம். அந்த இடம் தப்பியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தப்பியிருக்கலாம்" என்றார் மருத்துவர். அவருடைய நேர்மைக்கு நன்றியாக இருந்தது. அந்தத் "தப்பியிருக்கலாம்" மட்டும் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

நான் ரூ காய்க்குப் போனேன். அக்கா ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை காத்திருந்தேன்.

"பெட்டியை ஏன் எனக்குக் காட்டேல்லை?"

அக்கா நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "காட்டியிருந்தால் நீ வாசிச்சிருப்பாய். வாசிச்சால் வேண்டாம் எண்டிருப்பாய்."

"ஓம்."

"அதுதான் காட்டேல்லை. கலியாணத்துக்கு வாற சனம் என்ன சொல்லும் எண்டு உனக்குத் தெரியாது. உன்ரை மனிசியை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது எண்டுதான் செய்தனான்."

"டொக்டர் கேட்டவர். நாடேஜ் கேட்டவள். நான் கேட்டனான். எனக்கும் பொய்தானே சொன்னனீங்கள்?"

"மயிர்தானே தம்பி, வளந்திடும். வெளியிலை தெரிஞ்சால் என்ரை கடை வளருமோ? உன்னைப் படிப்பிச்சது இந்தக் கை. இப்ப வந்து விசாரிக்கிறியோ?"

அந்தக் கை என்னைப் படிப்பித்தது உண்மை. அதனால்தான் மருத்துவரின் மேசை முன், என் மனைவியின் மூக்கைவிட அந்தக் கையை நம்பினேன். நாடேஜிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். அடுத்த ஆள் வந்துவிட்டாள் என்றார்.

நேர்முடியை வெட்டியது நாடேஜின் அம்மா. எங்கள் சமையலறையில், தோளில் ஒரு துவாயைப் போட்டு, சுருள் தொடங்கும் இடம்வரை வெட்டிக்கொண்டே வந்தார். "நானும் அந்தப் பெட்டியில் இருந்த படத்தைத்தான் நம்பினேன்" என்று மகளிடம் சொன்னார். நாடேஜ் தலையைத் திருப்பாமல், "நீயாவது சொல்லிவிட்டாய் அம்மா" என்றாள்.

இப்போது உச்சியில் முடி வந்திருக்கிறது. அவளுடைய முடி வளர்வது வெளியே தெரியாது. வளர வளர உள்ளே சுருண்டுகொள்ளும். ஒரு சுருளை நுனியில் பிடித்து இழுத்துப் பார்த்தால்தான் போன மாதங்கள் தெரியும், விட்டால் மறுபடி ஒளிந்துகொள்ளும். குளிக்கும்போது காதுக்கு மேலே உள்ள இடத்தில்தான் தண்ணீரின் குளிர் முதலில் படுகிறதாம், தலைக்கு அங்கே ஒரு சன்னல் வைத்ததுபோல என்கிறாள். அதை மறைக்கும்படி அவள் சீவுவதில்லை. வடுவுக்கு எண்ணெய் பூசுவது என் வேலை. அவள் தலையின் மேடுபள்ளம் என் விரலுக்குத் தெரியும். வேறொருவருடைய உடம்பை இவ்வளவு அறிவேன் என்று நான் நினைத்ததில்லை.

அக்கா இதுவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அண்மையில் பெரியம்மாவிடம் கேட்டு அனுப்பியிருந்தார். எப்படி இருக்கிறாள் என்று அல்ல, எல்லாமாக எவ்வளவு காசு முடிந்தது என்று. பெரியம்மா வாசலில் காலணியைக் கழற்றாமலே நின்று கேட்டார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி நாடேஜைப் பார்த்தேன்.

"சொல்லு. அவ கேட்டது அதைத்தானே" என்றாள்.

காப்புறுதி கொடுத்தது போக, எங்கள் கையிலிருந்து போனதைச் சொன்னேன்: அறுநூற்று நாற்பது யூரோ.