அவசரத்தின் மூன்று நாள்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். லிஃப்ட் வருவதற்குள் மாடி ஏறிவிடுவாள். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பத்து வருஷமாகப் பக்கத்து மேசையிலிருந்து நானும் கத்திப் பார்த்துவிட்டேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஜன்மம்!

எங்கள் வேலையோ பொறுமையைக் கேட்கும். ரத்தத்தைக் குழாயில் இட்டு, உடம்புச் சூட்டில் மூன்று நாள் வளர்க்க வேண்டும். செல் நினைத்தவுடன் இரண்டாகிவிடாது. முதலில் உள்ளே இருக்கும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஜிப்பைத் திறந்தமாதிரி பிரியும். ஒவ்வோர் இழைக்கும் எதிரே புது இழை ஒன்று, எழுத்துக்கு எழுத்து பொருத்தம் பார்த்து வளரும். எல்லாம் இரண்டு பிரதியான பிறகுதான் செல் பிரியத் தொடங்கும். அந்தச் சமயத்தில் மருந்து ஊற்றி நிறுத்தினால்தான் குரோமோசோம்களை எண்ண முடியும்.

போன மாதம் அவள் தங்கையின் இரண்டு மாதக் குழந்தையின் ரத்தம் வந்தது. முகத்தைப் பார்த்ததுமே டாக்டருக்குச் சந்தேகம். குரோமோசோம் நாற்பத்தாறு இருந்தால் நிம்மதி. ஒன்று கூடியிருந்தால் குழந்தை நடப்பதும் பேசுவதும் தாமதமாகும்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ரத்தத்தை இரண்டு குழாயில் இட்டுச் சூட்டில் வைத்திருந்த இன்குபேட்டர் பெட்டியை மணிக்கொரு தரம் திறந்தாள்.

"திறந்து திறந்து பார்த்தா சீக்கிரம் வளருமா? போய் உட்காரு" என்று அதட்டினேன்.

மறுநாள் நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இரண்டு குழாயிலும் மருந்தை ஊற்றிவிட்டாள்.

ஸ்லைடில் உருண்டை உருண்டையாக மூடிய உட்கருக்கள் மட்டுமே. பிரதியெடுத்தே முடிக்காத செல்கள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அடிப்பாவி, கெடுத்தியே! அந்தப் பிஞ்சுக் கையில மறுபடி ஊசி குத்தணும். நீயே போய் உன் தங்கச்சிகிட்ட சொல்லு."

போனாள். குழந்தையை அவளே பிடித்துக்கொண்டாளாம். அது வீறிட்டு அழ, தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

இந்த முறை இன்குபேட்டர் சாவியை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவள் நடந்த நடையில் தரையே தேய்ந்திருக்கும். நான்காம் நாள் எண்ணினேன். மனசு கேட்காமல் மறுபடி எண்ணினேன். இருபது செல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நாற்பத்தேழு.

நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள். என் முகமே சொல்லியிருக்கும் போல. நான் வாயெடுப்பதற்குள் அவள் கை போனை எடுத்தது, எடுத்த வேகத்தில் கீழே வைத்தது.

"தங்கச்சி ராத்திரியெல்லாம் தூங்கலையாம்ண்ணா. இப்பதான் குழந்தையோட சேர்ந்து கண்ணசந்திருக்கா. அவளே எழுந்திரிக்கட்டும்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவேயில்லை.