அத்தையின் ரம்பமும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

சூரியனுக்கே வேலை நேரம் போட்டுக் கொடுத்தவர் என் அத்தை. தினமும் உதித்த கையோடு பட்டறை வாசலுக்கு வந்து, "உள்ள வரலாமா அக்கா?" என்று அது கைகட்டி நிற்கும். "போ, மேல ஏறு" என்பார். தகரக் கூரையில் இருக்கும் இரண்டு சோலார் பேனல்களில் ஏறி ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். நம்பாதவர்கள் நேரில் வரலாம். மேகமில்லாத நாளாகப் பார்த்து வரவும்.

அத்தைக்கு மரவேலை. நாற்காலித் தொழிற்சாலையில் மற்றவர்கள் அறுத்த மரத்தைத் தேய்த்தே இளமையைக் கழித்தார். அதை மூடியதும் பழைய வட்ட ரம்பம் ஒன்றை வாங்கி, தெருக்கோடித் தகரக் கொட்டகையில் பட்டறை போட்டார். மின்கம்பங்கள் கொட்டகை வரை வராமல் பாதியிலேயே நின்றுவிட்டன. "இங்க வரைக்கும் நடந்தா கம்பத்துக்குக் கால் வலிக்குமாம்" என்பார்.

அதனால் பட்டறை வெயிலின் இஷ்டப்படி ஓடும். உச்சிவெயிலில் ரம்பம், சாய்ந்த வெயிலில் துளை போடுவது, வெயில் போனால் உப்புத்தாளால் கையில் தேய்ப்பது. தலையை வெளியே நீட்டாமலே மேகம் வந்ததைச் சொல்லிவிடுவார்.

"ரம்பத்துக்குத் தொண்டை கட்டுது. எல்லாரும் போன் சார்ஜரைப் பிடுங்குங்க!"

எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான்.

சின்ன ஜெனரேட்டரும் உண்டு. பகலில் தொடமாட்டார். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கண்விழித்துவிட்டுப் பகலில் தூங்குபவர். ரம்பச் சத்தம் அவருக்குத் தாலாட்டாகப் பழகிவிட்டது; ஜெனரேட்டர் சத்தம்தான் எழுப்பிவிடும்.

போன வாரம் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டு திறக்கவே இல்லை. எங்கள் தெரு பஸ் டிரைவரின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார்; அன்று மாலை வீட்டுக்கு வருகிறார். வீட்டிலிருப்பது உயரமான கட்டில். அதில் ஏறி இறங்கினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். தாழ்வான கட்டில் ஒன்று மாலைக்குள் வேண்டும். சட்டங்களில் பாதிகூட அறுபடவில்லை, பேட்டரி கைவிரித்துவிட்டது. அத்தை கைரம்பத்தை எடுத்தார்.

"ஜெனரேட்டரைப் போடுங்க அத்தை. அந்தக்கா குறட்டைக்கு அதுதான் பயப்படணும்."

"வாயை மூடு. தூக்கக் கலக்கத்துல அவ ஊசி போட்டா உனக்குத்தான் வலிக்கும். தூரமா கொண்டுபோய் வெச்சா போடலாம். ஒரு கை பிடிக்கிறியா?"

"எனக்கு முதுகு வலி."

"பதினாறு வயசுல முதுகு வலி! நல்லா வருவே."

அவர் திருகாணி வாங்கப் போய்த் திரும்பியபோது மூலையில் ஜெனரேட்டரைக் காணோம். கால்வாய்க்கு அப்பால், பழைய தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து கொசு பாடுவதுபோல ஒரு சத்தம். அங்கிருந்து தடித்த வயர் ஒன்று புல்லில் ஊர்ந்து பட்டறைக்குள் வந்திருந்தது.

"யார் வேலைடா இது?"

"டிரைவர் அண்ணன் வந்தாரு. எங்கம்மா கட்டிலாச்சேன்னு அவரே தூக்கிட்டுப் போனாரு."

அத்தை பக்கத்துச் சுவரில் காதை வைத்தார். குறட்டை சீராக வந்தது. ரம்பத்தைப் போட்டார், உறுமிக்கொண்டு மரத்தில் இறங்கியது. அப்புறம் நிமிரவில்லை. அறுத்து, இணைத்து, கடைசியில் கட்டிலின் ஒவ்வொரு விளிம்பையும் தன் கன்னத்தில் உரசிப் பார்த்தார்.

"வயசான தோலு. சிலாம்பு இருந்தா கிழிச்சிடும்."

நல்லவேளை, எனக்குக் கண்ணில் மரத்தூள் விழுந்திருந்தது.

மாலையில் டிரைவர் வேனோடு வந்தார். கட்டிலை ஏற்றியானதும் அத்தை சொன்னார்: "ஜெனரேட்டரைத் தூக்கிக் குடுத்தியே தம்பி, பெரிய உதவி."

"நானா? காலையிலேருந்து ஆஸ்பத்திரியில இல்ல இருக்கேன்!"

வேன் போனது. அத்தை கால்வாயைத் தாண்டிப் போனார். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். நடுவில், இரண்டு வயர்களைச் சேர்த்த இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்தார். ஒரு கைப்பிடியில் சிவப்பு டேப். இன்னொரு கைப்பிடி அம்மணமாக நின்றது.

"முதுகு வலி இப்ப எப்படிடா இருக்கு?" என்றார்.