டென்மார்க்குக்குப் போகாத மேபல்

மேபல் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். இடையில் ஐந்து வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கே திரும்பி வந்தாள். அவளுடைய வீடு இருந்த குறுகலான ஒழுங்கையில் அவளுக்கு அமெரிக்கா மேபல் என்று பெயர். பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு மேபல் இருந்ததால் அந்தப் பெயர் தேவையாகவும் இருந்தது.

பின்னேரங்களில் அவள் மீனை மாவுக்குள் வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்து விற்கிறாள். வாங்க வருகிறவர்கள் கேற்றுக்கு வெளியே நிற்பார்கள். பொரிந்து முடியும்வரை பொழுது போக வேண்டும். அமெரிக்காவைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். அவள் பொரிக்கிற குசினியின் ஜன்னல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருப்பதால் மேபல் அங்கிருந்தே பதில் சொல்வாள்.

"அங்க எலக்‌ஷன் எப்பிடி அன்ரி?"

"எந்த நாளும் எலக்‌ஷன்தான் மகன். ஒண்டு முடிஞ்ச கையோட மற்றதுக்குக் காசு சேர்க்கத் தொடங்குவாங்க. முற்றத்தில பேரெழுதின பலகை நட்டு வைப்பாங்க. பக்கத்து வீட்டுப் பலகையில வேற பேர் இருந்தா முகம் பாக்க மாட்டாங்க. டென்மார்க்கில இப்பிடி இல்ல. ஒரு மாசத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுப் போட்டு வேலைக்குப் போயிடுவாங்க."

ஒழுங்கை வாசலில் முச்சக்கரவண்டி நிறுத்தும் பிறெடி இந்த இடத்துக்காகவே காத்திருப்பான்.

"டென்மார்க்கில பற்றிஸ் என்ன விலை அன்ரி?"

"நீ வாயை மூடிட்டு நில்லு. இல்லாட்டி உனக்குக் கருகினதுதான்."

"இல்ல, கேக்கிறன். நீங்க டென்மார்க் போனது எந்த வருஷம்?"

நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மேபலும் சிரிப்பாள். அவள் டென்மார்க்குக்குப் போனதே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். போனவர் யாரும் அந்த ஒழுங்கையில் இல்லாததால் மறுத்துப் பேசவும் ஆளில்லை.

டென்மார்க் கிர்ஸ்டன் மேடத்தின் நாடு. மேடத்தின் கணவருக்குக் கொழும்பில் வேலை. பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டப் பகுதியில் அவர்களுடைய வீட்டில் மேபல் சமைத்தாள், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். அவருக்கு வாஷிங்டனுக்கு மாற்றம் வந்தபோது பிள்ளைகள் மேபல் இல்லாமல் போகமாட்டோம் என்று அழுதார்கள். மேபல் கலியாணம் கட்டவில்லை. தங்கையும் தங்கையின் மகள் டெனிஷாவும்தான் அவளுக்கு ஆட்கள். போய் உழைத்து அனுப்பலாம் என்று போனாள்.

வாஷிங்டனுக்கு வெளியே, மரங்கள் நிறைந்த ஒரு தெருவில் வீடு. போன முதல் வாரம் கிர்ஸ்டன் மேடம் பால் வாங்கக் கடைக்கு நடந்து போனாள். பொலிஸ் வண்டியொன்று பக்கத்தில் வந்து நின்று, உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டது. நடக்கிறேன் என்றாள் மேடம். அதுதான் ஏன் என்று கேட்டார்கள். அன்று பின்னேரம் மேடம் குசினிக்குள் வந்து, வைன் கிளாஸோடு ஸ்டூலில் உட்கார்ந்து, இதை மேபலுக்குச் சொன்னாள். அது ஒரு பழக்கமாகிவிட்டது.

மேபல் வெங்காயம் உரிப்பாள். மேடம் சொல்லுவாள். உடற்பயிற்சி செய்வதற்கும் காரில் போகிற ஜனம். வெளியே பனி கொட்டுகிறது, கிளாஸுக்குள் ஐஸ் போடுகிறான். நோயைவிட ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயப்படுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் காலைதோறும் பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்துக் கொடிக்குச் சத்தியம் செய்கிறார்கள். என் பிள்ளைகள் டேனிஷ்காரர், அவர்கள் உட்கார்ந்திருக்கட்டும் என்று மேடம் ரீச்சரிடம் சொன்னாள். தாராளமாக, என்று ரீச்சர் சிரித்தாள். பிள்ளைகள்தான் உட்கார மறுத்துவிட்டார்கள். தெருவில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வாயெடுத்தால் கேட்டவர் அடுத்த வீட்டைத் தாண்டிவிட்டார். சிரிப்பார்கள் மேபல், ஆனால் வீட்டுக்குள் கூப்பிடமாட்டார்கள்.

கணவர் இதையெல்லாம் கேட்டுக் களைத்துப்போயிருந்தார். மேடத்துக்கு அந்தத் தெருவில் கதைக்க வேறு ஆளில்லை. அது மேபலுக்கு விளங்கியது. அதனால் வெங்காயம் முடிந்த பிறகும் எதையாவது உரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தக் குடும்பம் கோப்பன்ஹேகனுக்குத் திரும்பியது. மேபல் கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். தங்கை அதற்கு முன்பே இறந்துவிட்டாள். டெனிஷாவுக்குக் கலியாணமாகி, அவளும் கணவன் கிளின்ரனும் மேபலின் வீட்டிலேயே இருந்தார்கள். கிளின்ரனுக்குத் துறைமுகத்தில் கொள்கலன் கணக்கெடுக்கும் வேலை. டெனிஷா நுகேகொடையில் ஒரு துணிக்கடையில் காசாளர். இரண்டு பஸ் மாறி ஏழு மணிபோல வருவாள். கேற் சத்தம் கேட்கும்வரை மேபல் சாப்பிடமாட்டாள்.

கிளின்ரன் ஒரு கொமியூனிகேஷன் கடையில் சும்மா போட்டுப் பார்த்த அமெரிக்கக் கிறீன் காட் லொத்தர் விழுந்தது. விசா நேர்முகத்துக்குத் திகதியும் வந்தது. கிளின்ரனின் மச்சான் ஒருவன் மேரிலாந்தில் இருந்தான். கிளின்ரன் போக நினைத்தான். டெனிஷாவுக்குப் பயம். இரண்டு பேரும் அறைக்குள் மெதுவாகக் கதைப்பது மேபலுக்குக் கேட்டது. அவள் கேளாதவள்போல இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு போட்டுவிட்டு உட்கார்ந்தபோது டெனிஷா கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க. நீங்கதான் இருந்திட்டு வந்தனீங்க. நீங்க போ எண்டா போறம். வேணாம் எண்டா அதோட விட்டுடுவம். இவரும் சரியெண்டு சொல்லிட்டார்."

கிளின்ரன் தலையாட்டினான்.

மேபல் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் நாக்கில் தயாராக இருந்தது.

"அங்க மனுசரில்ல மகள். சிரிப்பாங்க, வீட்டுக்குள்ள கூப்பிட மாட்டாங்க. கார் இல்லாட்டி நீ நொண்டி. நடக்க ரோட்டோரம் இல்ல, பஸ் இல்ல. ஒரு காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக் காசில வீட்டை விக்கோணும். எல்லார் வீட்டிலயும் துவக்கு, கோவம் வந்தா சுட்டுப் போடுவாங்க. எங்களைப்போல ஆக்களைப் பிடிக்காதவன் பலகை நட்டு வைச்சு அதைச் சொல்லுவான். டென்மார்க் எண்டா போ எண்டு சொல்லுவன்."

டெனிஷாவின் முகம் தெளிந்தது. அவள் எதிர்பார்த்த பதில் அதுதான். இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு விட்டுக்கொண்டாள். அதைப் பார்க்க மேபலுக்கு ஆறுதலாக இருந்தது. நாளையும் ஏழு மணிக்குக் கேற் சத்தம் கேட்கும்.

கிளின்ரன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"அன்ரி, ஒண்டு கேக்கவா? கோவிக்க வேணாம்."

"கேளு மகன்."

"நடக்க ரோட்டோரம் இல்ல, பஸ் இல்ல எண்டு சொன்னீங்க. அங்க இருந்த காலத்தில ஒரு ஞாயிறும் பூசை விடேல்ல எண்டும் சொல்லுவீங்க. அப்ப கோயிலுக்கு எப்பிடிப் போனீங்க?"

மேபல் தண்ணீர் குடித்தாள்.

"ஒராள் கொண்டுபோய் விடுவார்."

"ஆரு? மேடமா?"

"மேடம் கோயில் பக்கமே போகமாட்டா. முன்வீட்டுக் கிழவன். டேல் எண்டு பேர்."

டெனிஷா நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. ஒழுங்கையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

முதல் ஞாயிறு மேபல் புல் ஓரமாக நடந்துதான் போனாள். செருப்பு நனைந்துவிட்டது. பழைய பிக்கப் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. எங்கே போகிறாய் என்று கிழவர் கேட்டார். கத்தோலிக்கக் கோயிலுக்கு என்றாள். நான் வேறு சபை, ஆனால் வழிதான், ஏறு என்றார். அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் காத்திருந்தார்.

அவருடைய முற்றத்திலும் தேர்தல் பலகைகள் நின்றன. மேடம் வாயால் சொல்லவே விரும்பாத ஒரு பெயர் அவற்றில் எழுதியிருந்தது. மேபல் அவரோடு வருவதைக் கண்ட அன்று மேடம் பயந்துபோனாள். அந்த வீட்டில் துவக்கு இருக்கிறது மேபல், அந்த ஆட்கள் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா என்றாள். மேடம் அன்பில்தான் சொன்னாள். மேபல் சரி என்றாள். அடுத்த ஞாயிறிலிருந்து மேடம் காணாதபடி தெரு முடக்கில் ஏறி, தெரு முடக்கில் இறங்கினாள்.

"அவன் நல்லவனா பெரியம்மா?"

"தெரியாது மகள். ஒருநாள் சொல்லுறான், நீ முறையா விசா எடுத்து வந்தனீ, களவா வாற ஆக்களைப்போல இல்ல, அவங்களை எல்லாம் அனுப்போணும் எண்டு. கோயிலுக்குள்ள போனா எனக்குப் பக்கத்தில இருக்கிறது அவங்கதான். எல்சல்வடோர்ப் பெண்டுகள். எனக்குக் கையுறை பின்னித் தந்தவளும் அவங்களில ஒருத்திதான். எனக்கு இறங்கி நடந்து போகோணும்போல இருந்திச்சு. ஆனா இறங்கேல்ல. குளிர்."

கிளின்ரன் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று மேபலைப் பார்த்தான்.

"உன்ர அம்மா செத்த கிழமை," என்றாள் மேபல்.

டெனிஷா கையைத் தட்டில் வைத்தபடி இருந்தாள். தாயின் அடக்கத்துக்குப் பெரியம்மா வரவில்லை. விசா புதுப்பிக்கப் பாஸ்போட்டைக் கொடுத்திருந்ததால் வர முடியவில்லை என்று அப்போது சொன்னார்கள். அதற்குமேல் இந்த வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைத்ததில்லை.

"மேடம் பாவம். ஆருக்கெல்லாமோ போன் எடுத்தா, அழுதா. அண்டைக்குச் சமைக்கவும் என்னை விடேல்ல. ஞாயிறு காலமை நான் வழமைபோல முடக்கில போய் நிண்டன். இங்க அடக்கம் முடிஞ்சு நீங்களெல்லாம் மாதம்பிட்டிச் சவக்காலையில இருந்து திரும்பியிருப்பீங்க. கிழவன் கதவைத் திறந்து, எப்பிடி இருக்கிறாய் மேபல் எண்டு கேட்டான். எந்த நாளும் கேக்கிறதுதான். நான் சொல்லிட்டன். தங்கச்சி செத்துட்டா எண்டு."

"என்ன சொன்னான்?"

"ஒண்டும் சொல்லேல்ல. வண்டியை ஓரத்தில நிப்பாட்டினான். எஞ்சினையும் நிப்பாட்டிட்டான். நான் அழுது முடியும்வரைக்கும் முன்னுக்குப் பாத்துக்கொண்டிருந்தான். பிறகு கோயிலடியில என்னோட தானும் இறங்கினான். தன்ர கோயிலுக்குப் போகேல்ல. கடைசி வாங்கில என்னோட நிண்டான். எங்க முழங்கால் போடுறது, எங்க எழும்புறது எண்டு தெரியாம, என்னைப் பாத்துப் பாத்துச் செஞ்சான். உன்ர அம்மாவுக்காகத்தான் நிண்டான். அவவின்ர பேரென்ன எண்டு கேட்டு வைச்சிருந்தான்."

டெனிஷா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் பெரியம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

"ஆரு கேட்டது? எல்லாரும் அமெரிக்கா எப்பிடி எண்டுதான் கேட்டாங்க. அதுக்கு மேடம் சொன்னதுதான் கேக்க நல்லாயிருந்திச்சு. படிச்ச ஆள் சொன்னதுபோல இருந்திச்சு."

"அப்ப அவ சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. ஆஸ்பத்திரி பொய்யில்ல, துவக்குப் பொய்யில்ல. ஆனா அது அவ பாத்தது. நான் குசினியில நிண்டு கேட்டது."

டெனிஷா காத்திருந்தாள். மேபலுக்கு இன்னொரு பதில் தேவைப்பட்டது. அது நாக்கில் தயாராக இருக்கவில்லை.

"நீ போறது எனக்கு விருப்பமில்ல மகள்," என்றாள். "நீ போனா இந்த வீட்டில நான் ஆரோட இருக்கிறது? அதுதான் விஷயம். அதுக்கு அமெரிக்காவைக் குறை சொல்லத் தேவையில்ல. போகலாமோ எண்டு கேட்டா, போகலாம். கஷ்டப்படுவீங்க. சனம் இருக்கும். எல்லா விதமான சனமும் இருக்கும்."

டெனிஷா எழுந்து தட்டுகளை எடுத்தாள். அந்தக் கிழமை முழுவதும் பெரியம்மாவிடம் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டாள். குளிருக்கு உள்ளே என்ன போடுவது. எல்சல்வடோர்ப் பெண்களோடு எந்தப் பாஷையில் கதைத்தீர்கள். அந்தக் கிழவர் இப்போது இருக்கிறாரா. கடைசிக் கேள்விக்கு மேபலுக்குப் பதில் தெரியவில்லை. மேடத்திடம் கேட்க முடியாத ஆள், வேறு யாரிடம் விசாரிப்பது.

நேர்முகத்தன்று காலை மேபல்தான் கிளின்ரனின் ஷேர்ட்டுக்கு அயன் போட்டாள். விசா கிடைத்தது. ஒக்டோபரில் இருவரும் போனார்கள். விமான நிலையத்துக்குப் பிறெடிதான் வான் பிடித்துக் கொடுத்தான்.

அடுத்த நாள் பின்னேரமும் மேபல் பற்றிஸ் பொரித்தாள். ஏழு மணிபோலக் கேற் சத்தம் கேட்டது. கையில் கரண்டியோடு அவள் திரும்பினாள். பிறெடி நின்றான். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"நாலு தாங்க அன்ரி."

"இருக்கிறது முடிஞ்சுது. இப்பதான் போட்டிருக்கிறன்."

அவன் வழமைபோல வெளியே நின்றுகொண்டான். பிறகு, அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏன் அன்ரி, டென்மார்க்கில தனிய இருக்கிற ஆக்களை ஆர் பாக்கிறது? கவர்மென்டா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் மேபல். "நான் அங்க போகேல்லையே."

எண்ணெய் சத்தம் போட்டது.

"ஏன் வெளியில நிக்கிறாய்?" என்றாள் அவள். "உள்ளுக்கு வந்து இரு. பொரிய நேரமெடுக்கும்."