அத்தை தாண்டாத கரடி

எங்கள் வீட்டில் டாக்டர் உத்தரவின் பேரில் வீடியோ கேம் ஆடினார்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உண்மையில் டாக்டர் சொன்னது, என் அத்தை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது மட்டும்தான். மீதியைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஜவ்வாது மலைமேல் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சாமைக் கொல்லைக்கும் புளியமரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தவளை ஐந்தாம் மாதத்தில் அடிவாரத்துக்கு, அமிர்தியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறோம், அசையாமல் படுத்திருந்தால்தான் பிள்ளை தங்கும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மலைமேல் அவசரத்துக்கு வண்டி வந்து சேராது. எனக்கு அப்போது எட்டு வயது. தையல் என்றதும், குழந்தை வெளியே விழுந்துவிடாமல் சட்டைப் பையைத் தைப்பது போல் தைத்திருப்பார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அது ஒன்றும் அவ்வளவு பெரிய தப்பில்லை என்று இப்போது தெரிகிறது.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் படுத்தபடி, நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் அத்தை. நாலு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தவளுக்கு அது பெரிய தண்டனை. பாவமாக இருக்கும்.

சித்தப்பா அத்தைக்கும் இளையவர். கணியம்பாடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாயங்காலம், உள்ளங்கையில் அடங்குகிற கேம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது டிவியில் மாட்டி ஆடிய பழைய ஆட்டமாம். அதையே கையில் வைத்து ஆடுகிற மாதிரி புதிதாகச் செய்து விற்கிறார்களாம். மஞ்சள் குல்லா போட்ட ஒரு குள்ளன் மேடு, பள்ளம், மரக்கிளை, பாழுங்கிணறு எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து ஓட வேண்டும். "கண்ண மூடிக்கினே முடிச்ச ஆட்டம் இது" என்று ஆடிக் காட்ட உட்கார்ந்தார் சித்தப்பா. முதல் கிணற்றிலேயே குள்ளன் விழுந்தான். மறுபடியும் அதே கிணறு. புது ஆட்டத்தில் மேடுகளை ஒரு விரற்கடை தள்ளி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சித்தப்பாவின் விரல்களோ பழைய இடத்துக்கே குதித்தன. "செஞ்சவனுக்கு ஒண்ணும் தெர்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும்! கைகளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, குள்ளனை ஒவ்வொரு கிணற்றங்கரையிலும் நிறுத்துவாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். மூச்சை ஒருமுறை இழுத்து விட்ட பிறகுதான் குதிக்க விடுவாள். ஆட்டத்தில் மூன்று உயிர் உண்டு. சித்தப்பா மூன்றையும் ஒரு டீ குடிப்பதற்குள் செலவழித்துவிடுவார். அத்தை ஒன்றைக்கூட விட மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அவள் தலைமாட்டுக்கு ஓடுவேன். அந்த வருஷம் உலகத்திலேயே பெரிய ஆள் எனக்கு அத்தைதான்.

நான்காம் கட்டத்தில் ஒற்றையடிப் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கரடி தூங்கும். அதைத் தாண்டிக் குதித்துப் போக வேண்டும் என்றார் சித்தப்பா. மாட்டேன் என்றுவிட்டாள் அத்தை. படுத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் யாரும் தாண்ட மாட்டார்கள். தெரியாமல் தாண்டிவிட்டால் திரும்ப ஒருமுறை இந்தப் பக்கம் தாண்டிச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் படுத்திருப்பவருக்கு வளர்த்தி நின்றுவிடும்.

"அக்கா, அது கரடிக்கா."

"கரடியா இருந்தா இன்னா? படுத்துக்கினு இருக்குது இல்ல? எழுந்துக்கட்டும், போலாம்."

"பொம்மை எங்கயாவது எழுந்துக்குமா?"

"எனக்கு இன்னா வேலை கெடக்குது? இருக்கேன்."

கருவியை வயிற்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். சித்தப்பா சிரி சிரி என்று சிரித்தார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து, நாங்கள் குடித்து முடிக்கும் நேரம். திரையில் கரடி காதை ஆட்டியது. வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. எழுந்து சோம்பல் முறித்து, குள்ளனைக் கண்டுகொள்ளாமல் புதருக்குள் போய்விட்டது. அது படுத்திருந்த இடத்தில் ஒரு சுரங்கம். உள்ளே பொன்னாய் மின்னும் தேன்கூடுகள்!

சித்தப்பா டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். பழைய ஆட்டத்தில் அந்தக் கரடி எழுந்ததே இல்லையாம். புதிதாகச் செய்தவர்கள், காத்திருப்பவர்களுக்கென்று ஒரு வழியை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் காத்திருந்த ஒரே ஆள் என் அத்தை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை நான் நம்பியது அன்றைக்குத்தான். மறுநாள் வகுப்பு முழுக்க இதையே சொல்லித் திரிந்தேன்.

எட்டாம் மாதத்தில் அத்தை கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். ஓர் ஆறு, அதில் மிதக்கும் கட்டைகள். கால் வைத்தால் அமிழும். குள்ளனைக் கரையில் நிறுத்தி அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் பிள்ளை உதைத்திருக்கிறது. கை நழுவி பொத்தான் அமுங்கிவிட்டது. குள்ளன் ஆற்றில் விழுந்தான். அத்தைக்கு முகமே வெளுத்துவிட்டது.

நான் பெரிய மனுஷி போல அவள் தோளைத் தட்டினேன். "போனா போவுது அத்தே. இன்னொண்ணு இருக்குது இல்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். கேமை அணைத்துத் தலையணை அடியில் வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவளின் முதுகு குலுங்கியது. அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "அந்தப் பேச்சு இன்னொரு தரம் உன் வாய்ல வரக் கூடாது" என்றாள். அடிக்கவில்லை, கையில் ஒரு துண்டு வெல்லத்தைக்கூட வைத்தாள். எனக்கோ ஆத்திரமாக வந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு?

அடுத்த மாதம், வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தது. தம்பி முழுசாகப் பிறந்தான். இன்று அவன் மலைமேல் எந்தப் பள்ளத்தையும் நின்று பார்க்காமல் குதிக்கிற பையன். அத்தை அந்தக் கேமை அதற்குப் பிறகு தொடவே இல்லை.

அவளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன என்று வெகு காலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். இரண்டு முறையும் பார்க்க வந்த சனமெல்லாம் கட்டிலருகே நின்று, நான் சொன்ன அதே ஆறுதலைத்தான் சொல்லிவிட்டுப் போனார்களாம். அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மூன்று உயிரில் மிச்சம் எத்தனை என்று திரையின் மூலையில் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.