ஊருக்காக அடித்த மணி

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. வழக்கம்போல எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இரண்டு பால் பாக்கெட் வாங்கி, ஒன்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, மற்றதைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போனேன். அந்த வீட்டு மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து புதுச்சேரியிலிருந்து வந்த நாள்முதல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தினமும் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமா அசையவில்லை.

"இன்னிக்காவது கேட்டு வரைக்கும் வந்தாராக்கா?" என்று அவர் மனைவியைக் கேட்டேன்.

"எங்க வராரு? செத்தா எத்தினி பேரு வருவாங்கன்னு கேட்டுக்கினு கெடக்கறாரு."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "ஒருத்தனும் வர மாட்டான். திருவிழா கமிட்டியில இருந்தப்ப எல்லாரையும் திட்டித் தீத்துட்டேன்."

அதில் பொய் இல்லை. தேருக்குச் சீரியல் பல்பு கம்மியாக வாங்கினேன் என்று ஒரு வருடமும், ஜாஸ்தியாக வாங்கினேன் என்று மறு வருடமும் நானே திட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்று எனக்குக் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். முந்தின நாள் பிரசங்கத்தில், மணிக்கு நாக்கு இருப்பது சும்மா இல்லை, ஜெபிக்க நேரமில்லாமல் ஓடுகிற ஊருக்காக அது பேசட்டும் என்றார். மத்தியான மணியை இனி ஊருக்காக அடிப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வோர் அடிக்கும் ஊரில் ஓர் இடத்தை நினைத்து, ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி, அதன் பிறகே அடுத்த அடி. மணி அடிக்கும் கோயில்பிள்ளை கல்வராயன் மலைக்கு மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். நான் ஒழுங்காகச் செய்வேன் என்று நம்பி ஃபாதர் கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

ஒழுங்காகத்தான் செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓர் அடி. மார்க்கெட்டுக்கு ஓர் அடி. ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு. போன வருஷம் கள்ளச்சாராயத்தில் அத்தனை பேரைப் பறிகொடுத்த கருணாபுரத்துக்கு அடித்தபோது மட்டும் ஒரு ஜெபம் போதவில்லை. மூன்று சொன்னேன்.

எங்கள் கோயிலில் மத்தியான மணி மும்மூன்றாக விழும். ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு விழுந்தால் அது சாவு மணி. ஃபாதருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டு மனதால் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தால் எதிர்ப் பூக்கடையில் மாலை வாங்கக் கூட்டம்.

"யாருபா?"

"வேற யாரு, நம்ம டிரைவருதான். கட்டில்லயே கெடந்தாரே."

"த்சொ. நல்ல மனுசன்."

"நல்ல மனுசனா? போன வருசம் கொடிமரத்தாண்ட நிக்க வெச்சி உன்ன அந்த திட்டு திட்டினாரே."

"பூட்டாருல்ல, வுடு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவைப் பார்த்து ஓடினேன். விஷயம் கேட்ட ஃபாதர் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடி வந்தார்.

அதற்குள் ஷேர் ஆட்டோவில் வந்தவர்கள் எங்களை முந்தியிருந்தார்கள். ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே லுங்கியும் துண்டுமாக, சுவரைப் பிடித்தபடி மாமா நின்றிருந்தார். சாவு மணி கேட்ட பிறகு, யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் படுத்திருக்க முடியவில்லை.

"இன்னாடா, யாரு பூட்டாங்க?" என்றார்.

பாடகர் குழுத் தலைவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பெரிய சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் தெரிந்தது. மாமா மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று நான் கிட்டே போனேன்.

"எனக்காடா?"

அக்கா பின்னாலேயே வந்து, உயிரோடு இருக்கிற கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். மாமா அதைக் கவனிக்கவில்லை. தெருமுனை வரை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"எங்கடா மைக்செட்டுக்காரன்? அவன் மட்டும் வரலியா?"

"வந்துக்கினே இருக்கறாருங்க," என்றார் பாடகர் குழுத் தலைவர். "பந்தலுக்குச் சொல்லிட்டு வராரு."

"பந்தலு வேறயா!" மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தார். "யாரு அடிச்சது மணி?"

"நான்தாங்க அடிக்கச் சொன்னேன்," என்றார் ஃபாதர், மூச்சு வாங்க. "ஊருக்காக ஒரு ஜெபம்..."

"நல்லா ஜெபிச்சீங்க சாமி. ஊரு ஜெபிக்கிறதுக்குள்ள என்ன அனுப்பிட்டீங்க."

"கயிற இழுத்தது நான் மாமா," என்றேன்.

"நீயா? அதான் அவ்ளோ சுத்தமா இருந்துது. நானே நம்பிட்டேன்."

வந்தவர்களை வெறுமனே அனுப்ப ஃபாதருக்கு மனமில்லை. தெருவிலேயே நின்று ஊருக்காக எல்லோரும் ஜெபித்தோம். மாமா திரும்பி வந்து, முடியும் வரை கேட்டைப் பிடித்தபடி நின்றார். சாமந்தி மாலை அவர் வீட்டு மாதா படத்துக்குப் போனது. மாதா படம் சின்னது என்பதால் மாலைக்குள் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமா கேட்டில் நின்றிருந்தார். கையை நீட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "மத்தியானம் கோயிலுக்கு நானும் நடந்து வரேன். மூணு மூணா அடிக்கிறியான்னு பக்கத்துல நின்னு பாக்கணும்," என்றார்.